கென்டே: கோலத்துக்குக் காவல் போட்டார்கள், தறியை விட்டுவிட்டார்கள்

கானா நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 2005-இல் வந்தது, 690-ஆம் எண் சட்டம். எல்லா நாட்டிலும் இருக்கிற மாதிரிதான் அதுவும் புத்தகம், பாட்டு, ஓவியம், கணினி நிரல் என்று போகிறது. ஆனால் நாட்டார் வழக்காறு என்றால் எது எது என்று விளக்குகிற இடத்தில் இரண்டு துணிகளின் பெயர் வந்து நிற்கிறது: குறுகிய பட்டைகளாகத் தறியில் நெய்து சேர்க்கிற கென்டே, முத்திரை குத்தி வடிவம் பதிக்கிற அடின்க்ரா. யார் உருவாக்கியது என்று தெரியாத கென்டே, அடின்க்ரா கோலங்கள் நாட்டார் வழக்காற்றில் சேரும், அவற்றின் உரிமை கானா மக்களுக்காகக் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கும், அந்த உரிமைக்குக் காலக்கெடு கிடையாது. ஓர் எழுத்தாளர் இறந்து 70 வருடம் ஆகிவிட்டால் அவர் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கென்டே கோலத்தை என்றைக்கும் முடியாது, சட்டப்படி.

நடப்பு வேறு. கென்டே மாதிரி அச்சடித்த துணி கானாவின் சந்தைகளிலேயே கெஜக்கணக்கில் விற்கிறது. அமெரிக்காவில் பட்டமளிப்பு மாதம் வந்தால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தோளில் கென்டே கோலம் போட்ட பட்டை தொங்குகிறது, அதில் தறியில் நெய்ததும் உண்டு, ஆலையில் அச்சடித்ததும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பை, தொப்பி, கைபேசி உறை, காகித நாப்கின் வரைக்கும் அந்தக் கோலம் போய்விட்டது. நெசவாளருக்கு இதில் ஒரு காசு வருவதில்லை.

இவ்வளவு வலுவான காவல் எப்படி இப்படிப் பிசகியது? நான் இதில் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கானா சட்டம் காத்தது கோலத்தை, அதாவது கண்ணுக்குத் தெரிகிற நிறங்களையும் கட்டங்களையும். கென்டேயைக் கென்டே ஆக்குவது நெய்கிற முறையும், நெய்கிற ஊரும், நெய்கிற கையும். 1985-இல் வந்த முதல் சட்டத்திலிருந்து எண்ணினால் அதற்குக் காவல் போட நாற்பது வருடம் ஆயிற்று, 2025-இல்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

தறியில் உட்கார்ந்து பார்த்தால்

குமாசி அஷாந்தி மக்களின் தலைநகரம். அங்கிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் போன்விரே என்ற ஊர் இருக்கிறது. அரச குடும்பத்துக்கு நெய்த ஊர் என்று பெயர் பெற்றது. அனான்சே என்ற சிலந்தி வலை பின்னுவதைக் காட்டில் பார்த்து இரண்டு பேர் நெசவு கற்றுக்கொண்டார்கள், முதலில் ரஃபியா பனை நாரில் நெய்தார்கள், அதை மன்னர் ஒசெய் டுட்டுவிடம் கொண்டு போனார்கள் என்று அங்கே கதை சொல்கிறார்கள். பக்கத்தில் அடன்வோமாசே, சகோரா வோனூ முதலான ஊர்களிலும் தறிகள் உண்டு. கிழக்கே வோல்டா பகுதியில் எவே மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கென்டே நெய்கிறார்கள், அகோடிமே-க்பெடோவும் அக்போசுமேயும் அவர்களுடைய பெரிய நெசவூர்கள். யார் முதலில் நெய்தார்கள் என்பதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதில்லை.

தறி ரொம்பக் குறுகலானது. முழு அகலத் துணியை அதில் நெய்ய முடியாது, நெய்வது சுமார் நான்கு அங்குல அகலப் பட்டை. பாவு நூல், அதாவது நீளவாட்டில் ஓடுகிற நூல், நெசவாளருக்கு முன்னால் பல கெஜ தூரம் தரையோடு நீண்டு போய், முனையில் கல் ஏற்றிய ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். நெய்யநெய்ய அந்தக் கல் பாரம் மண்ணில் உராய்ந்துகொண்டே நெசவாளரை நோக்கி நகரும். பாவைத் தொய்யாமல் வைத்திருப்பது அதுதான். மிதிகட்டை என்று தனியாக ஒன்றும் இல்லை. பாவு இழைகளைத் தூக்கி இறக்குகிற கண்ணிகளுக்கு விழுது என்று பெயர். விழுதிலிருந்து தொங்குகிற கயிற்றின் நுனியில் சுரைக்குடுக்கை ஓட்டுத் துண்டு மாதிரி ஒன்றைக் கோத்து, அதைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். நாடாவைக் கையாலேயே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கென்டே தறியில் இரண்டு சோடி விழுது இருக்கும். முதல் சோடியை இழுத்தால் பாவு மேலே தெரிகிற சாதா நெசவு விழும், பாவில் இருக்கிற நிறக்கோடுகள் அப்படியே தெரியும். இரண்டாவது சோடி பாவு இழைகளைக் கொத்துக் கொத்தாகத் தூக்கும், அந்தத் திறப்பில் குறுக்கு நூலான ஊடையைப் போட்டு, தறியில் சீப்பு மாதிரி இருக்கிற அச்சால் நெருக்கி அடித்தால் ஊடை பாவை முழுக்க மூடிவிடும். ஒரே பட்டையில் கொஞ்ச தூரம் பாவின் நிறம், அடுத்த கட்டத்தில் ஊடையின் நிறம், மறுபடி பாவு. துணியில் சதுரம் சதுரமாக நிறம் துள்ளுவதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். சாயம் தோய்த்தோ மேலே வரைந்தோ அந்தத் துள்ளலைக் கொண்டுவர முடியாது, விழுது மாறுகிற இடத்தில் மட்டுமே அது பிறக்கிறது.

ஆண்கள் உடுத்துகிற பெரிய துணிக்கு இந்த மாதிரி இருபது, இருபத்து நான்கு பட்டைகள் வேண்டும். அவற்றை நீளவாட்டில் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைக்கிறார்கள். தைக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சரியாகப் பொருந்த வேண்டும், பாவுக் கட்டத்தின் பக்கத்தில் ஊடைக் கட்டம் வந்து சதுரங்கப் பலகை மாதிரி அமைய வேண்டும். அதனால் நெய்கிறவர் இருபது பட்டைக்கும் முன்கூட்டியே கணக்கு வைத்திருக்கிறார். காகிதத்தில் படம் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. ஒரு பட்டையில் அடி இறுக்கம் கொஞ்சம் கூடிப்போனால் கட்டம் குறுகிவிடும், பக்கத்துப் பட்டையோடு சேராது. அந்த ஒரு பட்டை வீண்.

அதன் உச்சம் அட்வினாசா. வெறுமையாக ஓர் இடம்கூட விடாமல், கிடைத்த கட்டத்தில் எல்லாம் கோலம் போட்டு நிரப்பிய துணி. தெரிந்த கைவேலை எல்லாம் தீர்ந்தது என்பதுதான் அந்தப் பெயர் சொல்வது. அதற்கும் மேலே அசாசியா என்று ஒன்று, மூன்றாவது சோடி விழுது சேர்த்து நெய்வது, அது அரச பீடத்துக்கு உரியது. நெய்யத் தெரிந்தவர்கள் எப்போதுமே விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள்தான்.

அச்சுத் துணியைக் கண்டுபிடிப்பது இதனால் எளிது. பின்பக்கம் திருப்புங்கள். நெய்தது என்றால் பின்னாலும் நிறம் முழுசாக இருக்கும், நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் ஓடும், கையால் தடவினால் ஊடைக் கட்டம் கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். எடையும் கூடுதல். அச்சுத் துணியில் தையலையே படமாக வரைந்திருப்பார்கள், பின்பக்கம் வெளிறிப்போயிருக்கும்.

பட்டுத் துணியைப் பிரித்து நெய்த காலம்

கென்டே சுத்தமான உள்ளூர்ப் பொருள், வெளிக்காற்று படாதது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அதைவிட சுவாரசியமானதுதான் உண்மை.

டென்மார்க் வணிகர் லுட்விக் ரோமர் 1760-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி இருக்கிறது. அஷாந்தி மன்னர் ஒபோகு வாரே கடற்கரையில் ஐரோப்பியர் கொண்டுவந்த பட்டுத் துணிகளையும் கம்பளித் துணிகளையும் எல்லா நிறத்திலும் வாங்கச் சொன்னாராம். உடுத்துவதற்கு இல்லை. அவருடைய ஆட்கள் அந்தத் துணிகளை இழை இழையாகப் பிரித்து, நூலாக்கி, மறுபடி தறியில் ஏற்றினார்கள். உள்ளூரில் பருத்தி நூல் இருந்தது, நீலச் சாயம் இருந்தது, ஆகவே வெள்ளையும் நீலமும் கிடைத்தன. பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அந்தப் பிரித்த பட்டிலிருந்து வந்தவை. 1817-இல் குமாசிக்குத் தூது போன ஆங்கிலேயர் தாமஸ் பௌடிச்சும் வெளிநாட்டுப் பட்டுத் துணியைப் பிரித்து நெய்த கனமான துணிகளை அரசவையில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு துணியைப் பிரித்து இன்னொரு துணியாக நெய்கிற பொறுமையை யோசித்துப் பாருங்கள். இன்றைக்குக் கென்டேக்குப் போகிற செயற்கைப் பட்டு நூலும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுதான், அதில் புதுமை ஒன்றும் இல்லை. எனவே நூல் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இது அசலா போலியா என்று முடிவு செய்ய முடியாது. எந்த நூலானாலும் போன்விரே தறியில் ஏறி இறங்கினால் அது கென்டே ஆனது. நான் கோலத்தைவிட நெசவுக்கு எடை கொடுப்பதற்கு முதல் காரணம் இந்த வரலாறுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது கசப்பானது. அந்தப் பட்டுத் துணியை அஷாந்தி அரசு தங்கம் கொடுத்து வாங்கியது, அடிமைகளைக் கொடுத்தும் வாங்கியது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் அந்த அரசுக்குப் பங்கு இருந்தது. கென்டேயின் பெருமையை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். பின்னால் 2020-இல் இந்த விஷயம் மறுபடி எழுந்தது.

அரசர் கையில் இருந்த உரிமை

சட்டம் வருவதற்கு முன்னால் கென்டேக்குக் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அரண்மனை கட்டுப்படுத்தியது. புதுக் கோலம் ஒன்று வந்தால் முதலில் மன்னருக்குக் காட்ட வேண்டும், அவர் தனக்கென்று வைத்துக்கொண்டால் வேறு யாரும் அதை உடுத்தக் கூடாது. அவர் விட்டுக்கொடுத்தால் பெரிய தலைவர்களுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. துணி யார் தோளில் இருக்கிறது என்பதை வைத்து அவர் இடம் எது என்று சொல்லிவிடலாம். நெசவு ஆண்கள் வேலையாக இருந்தது, மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களைத் தறியில் விடவில்லை. இப்போது பெண்களும் ஆங்காங்கே நெய்கிறார்கள், அதுவே பெரிய மாற்றம்.

கோலங்களுக்குப் பெயர் உண்டு, பெயருக்குப் பின்னால் ஒரு சேதி உண்டு. ஒயோகோமான் என்ற கோலம் அரச குலமான ஒயோகோவுக்குள் நடந்த உள்சண்டையைச் சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த எடுத்துக்காட்டு வேறு. விடுதலை பெற்ற கானாவை முதலில் ஆண்ட குவாமே என்க்ருமா 1957 கடைசியில் எகிப்துப் பெண்ணான ஃபாதியாவை மணந்தார், ஒரு கோலத்துக்கு ‘என்க்ருமாவுக்கு ஃபாதியா பொருத்தம்’ என்று பெயர் வைத்தார்கள். 1966 பிப்ரவரியில் இராணுவம் என்க்ருமாவைக் கவிழ்த்தது. அதே கோலத்துக்கு ‘ஒருவர் மட்டும் நாட்டை ஆள முடியாது’ என்று பெயர் மாறிவிட்டது. ஓர் இழைகூட மாறவில்லை, அரசியல் மாறியது, துணி வேறொன்று சொல்ல ஆரம்பித்தது.

இப்படிப்பட்ட ஒன்றைத்தான் ஒரு நவீன பதிப்புரிமைச் சட்டத்துக்குள் அடக்கப் பார்த்தார்கள்.

ஆலை அச்சு வந்தது

கென்டே வெளியுலகுக்குத் தெரிந்ததில் என்க்ருமாவுக்குப் பெரிய பங்கு. 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது, அடுத்த ஆண்டு அவர் அமெரிக்கா போனபோது கென்டே உடுத்திப் போனார். ஒரு கறுப்பினத் தலைவர் இறுக்கமான கோட்டுக்குப் பதிலாகத் தன் நாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளை அதிகாரிகள் நடுவே நிற்கிற படம் அமெரிக்கக் கறுப்பின மக்களை எவ்வளவு தொட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1964-இல் முகமது அலி கானா போனபோது கென்டே போர்த்திக்கொண்டார். 1998 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டன் கானாவின் தலைநகர் அக்ரா வந்தபோது அவருக்கும் போர்த்தினார்கள். இந்த நாற்பது வருடத்தில் கென்டே ஓர் அரசவைத் துணி என்ற நிலையிலிருந்து ஆப்பிரிக்கா முழுவதற்குமான அடையாளமாக வளர்ந்துவிட்டது.

அடையாளத்துக்குத் தேவை பெருகினால் தறி எப்படி ஈடு கொடுக்கும்? கைத்தறியில் ஒரு பெரிய துணிக்கு வாரங்கள், கடினமான கோலமானால் மாதங்கள் ஆகும். ஆலை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான கெஜம் அச்சடிக்கும். 1980-களிலும் 90-களிலும் அமெரிக்கக் கடைகளில் குவிந்தது பெரும்பாலும் அச்சுக் கென்டே. அது எங்கேயோ அயல்நாட்டான் செய்த திருட்டு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கானாவின் சொந்த ஆலைகளே கென்டே, அடின்க்ரா கோலங்களை அச்சடித்தன. பணக்காரர் உடுத்துவதைச் சாதாரண ஆளும் உடுத்த ஆசைப்பட்டார், அச்சுத் துணி அந்த ஆசையைத் தீர்த்தது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த ஆலைகளே அடிபட்டன. 1970-களில் கானாவின் துணி ஆலைகளில் சுமார் 25,000 பேர் வேலை பார்த்தார்கள், 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது 5,000 ஆகச் சுருங்கியது. சந்தையைத் திறந்துவிட்டதும், ஆசியாவிலிருந்து வந்த மலிவு அச்சுத் துணியும், கானா ஆலைகளின் வடிவத்தையும் முத்திரையையும் அப்படியே நகலெடுத்த கள்ளச் சரக்கும் சேர்ந்து செய்த வேலை அது. ஆக, தறியை ஆலை நகலெடுத்தது, ஆலையைத் தூரத்து ஆலை நகலெடுத்தது. வரிசையின் கடைசியில் இருக்கிற நெசவாளரைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

சட்டம் எங்கே தடுக்கி விழுந்தது

1985-இல் வந்த சட்டமே நாட்டார் வழக்காற்றுக்குக் காவல் போட்டது. வெளிநாட்டார் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். 2005 சட்டம் ஒரு படி மேலே போய்க் கானா நாட்டாரும் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. தேசிய நாட்டார் வழக்காற்று வாரியம் என்று ஒன்றை அமைத்தது, மீறினால் அபராதமும் சிறையும் என்றது. உள்ளூர் இசைக்கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். பாட்டி சொன்ன கதையைப் பாட்டில் சேர்க்க நான் எதற்கு அரசுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதானே?

கென்டேக்கு இந்தச் சட்டம் உதவாமல் போனதற்கு நான் பார்க்கிற முதல் காரணம் எல்லைக்கோடு. பதிப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ஆசிரியர் பெயர் தெரியாத நூற்றாண்டுப் பழமையான கோலம் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் பொதுச்சொத்து, அங்கே கானாவின் சட்டத்தைக் காட்டி ஒரு கடையையும் மூட முடியாது. நாட்டார் வழக்காறுகளுக்கு ஓர் உலக ஒப்பந்தம் வேண்டும் என்று உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் 2000-இலேயே ஒரு குழு போட்டார்கள், கோலங்களையும் பாடல்களையும் காக்கிற ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. பெரிய சந்தை முழுவதும் எல்லைக்கு வெளியே, காவல் முழுவதும் உள்ளே.

இரண்டாவது, உரிமை யார் கையில் என்பது. சட்டம் அதைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. போன்விரேக்கும் கொடுக்கவில்லை, அக்போசுமேக்கும் கொடுக்கவில்லை. எவேயா அஷாந்தியா என்ற தகராறு வராமல் இருக்க இது வசதி, ஒரே நாடு என்று காட்டவும் வசதி. ஆனால் நகல் துணியால் நஷ்டப்படுகிறவர் நெசவாளர், வழக்குப் போடும் அதிகாரம் அரசிடம். நஷ்டம் ஓரிடத்திலும் உரிமை வேறிடத்திலும் இருந்தால் வழக்கு நகராது. வந்த கட்டணம் நெசவூர்களுக்குப் போய்ச் சேரும் வழியும் தெளிவாக அமைக்கப்படவில்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சட்டம் காப்பது பெயர் தெரியாதவர் உருவாக்கிய கோலத்தை. சரி, இன்றைக்கு ஒரு நெசவாளர் புதிதாக ஒரு கோலம் போட்டால்? அவர் பெயர் தெரியும், எனவே அது நாட்டார் வழக்காறு இல்லை. வேண்டுமானால் தனியாக வடிவமைப்புப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. ஆனால் தறியடியில் ஒருவர் போட்ட கோலத்தைப் பக்கத்துத் தறிக்காரர் பார்த்துக் கொஞ்சம் மாற்றிப் போடுவது நெசவூர்களின் வழக்கம். புதுக் கோலங்கள் அப்படித்தான் பிறக்கின்றன, பையன்கள் அப்படித்தான் தொழில் கற்கிறார்கள். அந்த ஊருக்குள் போய் இது என் கோலம், தொடாதே என்று பலகை வைத்தால் தொழிலே நின்றுவிடும். நெசவாளர்கள் பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அவர்களுடைய பயமெல்லாம் அச்சு இயந்திரத்தைப் பார்த்து. பதிப்புரிமைச் சட்டத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரியாது, அதன் கணக்கில் இரண்டுமே நகல்.

2020, ஜூன் 8

மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டை ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்கால் வைத்துக் கொன்றது 2020 மே 25. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 8 அன்று, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் விடுதலை மண்டபத்தில் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் கென்டே பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு 8 நிமிடம் 46 வினாடி மண்டியிட்டார்கள். கீழவைத் தலைவர் நான்சி பெலோசி முன்னால் இருந்தார். பட்டைகளைக் கொடுத்தது அமெரிக்க நாடாளுமன்றத்தில் உள்ள கறுப்பின உறுப்பினர் குழு.

எதிர்ப்புப் பல திசையிலிருந்து வந்தது. துக்கத்தை ஆடை அலங்காரம் ஆக்கிவிட்டார்கள் என்றார்கள் சிலர். அடிமை வணிகத்தில் பங்கு வகித்த அரசின் துணியை அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்காக எப்படிப் போடலாம் என்றார்கள் வேறு சிலர். கறுப்பின உறுப்பினர்களோ இது எங்கள் ஆப்பிரிக்க வேருக்கு மரியாதை, மற்றவர்கள் எங்களோடு நிற்கிறார்கள் என்பதற்கு அடையாளம் என்று விளக்கம் சொன்னார்கள். அவர்களே பல வருடங்களாக இதை அணிந்து வருகிறவர்கள்தான்.

இதில் என் பக்கம் எது என்று கேட்டால், நான் அந்த உறுப்பினர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடலுக்கு அப்பால் விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் எந்த ஊரிலிருந்து, எந்த இனத்திலிருந்து வந்தோம் என்று அறிய முடியாதபடி செய்யப்பட்டவர்கள். அவர்கள் ஒரு துணியை எடுத்து இது எங்களுக்கும் உரியது என்று சொன்னால் அந்த உரிமையை எந்தச் சட்டத்தாலும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. பல மாணவர்களும் தேவாலயங்களும் நேராக நெசவூர்களுக்குச் சொல்லி, பெயரும் ஆண்டும் எழுத்தாக உள்ளே விழும்படி பட்டை நெய்து வாங்குகிறார்கள், தறிகள் பலவற்றுக்கு அந்தப் பட்டைதான் இப்போது அன்றாடச் சோறு.

ஆனால் அந்த ஒரு வாரம் முழுக்க நடந்த சண்டையில் யாருக்குப் போட உரிமை உண்டு என்று மட்டுமே பேசினார்கள். யார் நெய்தார்கள், நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் சொற்பம். அடுத்த வருடம் ஜனவரியில் பிரான்சின் ஆடம்பர ஆடை நிறுவனமான லூயி விட்டோனின் ஆண்கள் ஆடைத் தொகுப்பில் அந்த நிறுவனத்தின் முத்திரையைக் கென்டே சாயலில் நெய்து காட்டினார்கள். வடிவமைத்தவர் விர்ஜில் ஆப்லோ, கானாவிலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் மகன். அவர் அந்நியரா, உரிமைக்காரரா? கோலம் யாருடையது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த மாதிரி முட்டுச்சந்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். யார் நெய்தது என்று கேட்டால் பதில் நேராக வரும்.

புதிதாகத் திறந்த கதவு

2024 டிசம்பரில் பராகுவேயின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் கென்டே நெசவுக் கலையைச் சேர்த்தது. பட்டியலில் ஏறியது துணியின் கோலம் இல்லை, நெய்யும் கைத்தொழில் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்ட பலம் இதற்குக் கிடையாது, மரியாதை உண்டு.

சட்ட பலம் உள்ளது 2025-இல் வந்த புவிசார் குறியீடு. குறிப்பிட்ட நெசவூர்களில், மரபான தறியில், கையால் நெய்ததை மட்டுமே கென்டே என்ற பெயரில் விற்கலாம் என்பது இதன் அடிப்படை. அஷாந்தி ஊர்களும் எவே ஊர்களும் சேர்ந்தே இதற்குள் வருகின்றன, பழைய தகராறுக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தறியைப் பார்த்துக் கோலம் போடுவதை இது தடுக்காது. புதுக் கோலம் போடுவதையும் தடுக்காது. வெளிநாட்டு நூல் வாங்குவதைக் குற்றமாக்காது. அச்சடித்த துணியைக் கென்டே என்று சொல்லி விற்பதைத் தடுக்கும். தறிக்காரருக்கு வேண்டிய காவல் ஏறத்தாழ இதே அளவுதான்.

கானாவில் புவிசார் குறியீட்டுக்கான சட்டம் 2003-இலேயே இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால். கையில் இருந்த சரியான கருவியை விட்டுவிட்டு இருபது வருடம் தவறான கருவியோடு போராடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அந்த இருபது வருடத்தில் தறியை விட்டு குமாசிக்கும் அக்ராவுக்கும் வேலை தேடிப் போன பையன்கள் திரும்பி வரப்போவதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. கோலத்தை அச்சடித்து ‘ஆப்பிரிக்க அச்சுத் துணி’ என்று பெயர் போட்டால் புவிசார் குறியீடு ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாட்டில் பாதுகாப்பு வேண்டுமானால் இந்த மாதிரிக் குறியீடுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக் காப்பதற்கான லிஸ்பன் ஏற்பாட்டின் ஜெனீவா ஒப்பந்தம் ஒரு வழி, கானா அதில் சேர்ந்திருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியமும் இருக்கிறது. அச்சுத் துணி அதிகம் தயாராகும் சீனாவும் அதிகம் விற்கும் அமெரிக்காவும் அதில் இல்லை. அமெரிக்காவில் கென்டே என்பது இந்நேரம் ஒரு வகைத் துணியின் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது, அங்கே போய்ப் பெயரை மீட்பது தனிப் போராட்டம்.

வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு துணி உண்மையில் அந்த ஊரில் கையால் நெய்ததா என்று யார் சோதிப்பார்கள்? அந்த வேலையை அக்ராவில் உள்ள ஓர் அலுவலகத்திடம் கொடுத்தால் 2005-இன் கதைதான் மறுபடி. நெசவூர்களின் சங்கங்களிடமே முத்திரை இருக்க வேண்டும், அவர்களே துணியைத் திருப்பிப் பார்த்துத் தையலையும் ஊடைக் கட்டத்தையும் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். தறி இல்லாத வியாபாரி சங்கத்துக்குள் நுழைந்து முத்திரையை மொத்தமாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய துணிக்கு மட்டும் முத்திரை கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக்கு அதிகம் போகிற பட்டமளிப்புப் பட்டையை விட்டுவிட்டால் பாதிச் சந்தை கைநழுவும், ஆகவே அந்தக் குறுகிய பட்டைக்கும் முத்திரை வேண்டும், எந்த ஊர்த் தறி என்ற பெயரோடு. வாங்குகிற மாணவரும் அப்போதுதான் கேட்டு வாங்க முடியும்.